கழங்கும் கழஞ்சும்
ஆட்டக் காய்கள் அணிகலனான வரலாறு

நாட்டு வரலாறு எழுதியோர் பெரும்பாலும் அரசரின் முடியையும் வாளையும் பற்றியே எழுதினர். திண்ணையிலும் முற்றத்திலும் சிறுமியர் கையில் உருண்ட கொட்டைகளையும் சோழிகளையும் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும், முடியும் வாளும் மண்ணோடு மண்ணாகிப் போன பின்னரும் அந்தக் கொட்டைகள் அழியவில்லை. ஆட்டம் ஓய்ந்தபோது அவை எடைக்கல்லாயின, கழுத்தில் மணியாயின, தெய்வத் திருவுருவில் கண்ணாயின. ஒரு சிறு காய் ஒரு தொழிலை விட்டு மற்றொரு தொழிலுக்குச் சென்ற இந்தப் பயணமும் வரலாறே.

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது யாம் சற்றே தயங்கினோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்குகளுக்கு எடைச்சீட்டு எழுதுவது எமது தொழில். நிறைந்த கல்வியின்றி அவையில் பேசப் புகுவது, கட்டம் வரையாமல் வட்டு உருட்டி ஆடுவது போன்றது என்று வள்ளுவர் கல்லாமை அதிகாரத்தில் எச்சரித்துள்ளார். எனினும் அந்தக் குறளே எமக்குத் துணிவும் தந்தது. அறநூல் செய்த பெருமகனார் தம் உவமைக்கு ஆட்டக் காயையே எடுத்தார் அன்றோ? ஆகவே எடை பார்த்துப் பழகிய கையால் இக்காய்களையும் ஒருமுறை எடை பார்ப்போம்.

கழங்கு பொன்னான கதை

கழற்சிக் கொடி வேலியோரங்களிலும் கடற்கரைகளிலும் படர்வது. முள் நிறைந்த அதன் காயைப் பிளந்தால், ஈய நிறத்தில், வழவழப்பாக, கல்லினும் கடினமான கொட்டைகள் இருக்கும். அதுவே கழங்கு. பழந்தமிழ் மகளிர் இக்கொட்டைகளைக் கொண்டு மணலிலும் திண்ணையிலும் ஆடினர். இன்று நம் பெண்மக்கள் ஆடும் அஞ்சாங்கல் ஆட்டம் அதன் வழிவந்ததே. குறிஞ்சி நிலத்து வேலன், தலைவியின் நோய்க்குக் காரணம் அறிய இதே கழங்கை இட்டுக் குறி பார்த்தான். ஒரே கொட்டை மகளுக்கு விளையாட்டாகவும் தாய்க்குக் குறியாகவும் இருந்தது.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. புறநானூற்றின் 36-ஆம் பாட்டில், கருவூரை முற்றியிருந்த சோழன் கிள்ளிவளவனுக்கு அறிவுரை கூறும் ஆலத்தூர் கிழார், மகளிர் பொன்னாற் செய்த கழங்கு கொண்டு ஆடிய காட்சியைக் குறிப்பிடுகிறார். பெரும்பாணாற்றுப்படையும் பொற்கழங்கு ஆட்டத்தைக் கூறுகிறது. வேலியோரத்துக் கொட்டையின் வடிவைப் பொற்கொல்லன் பொன்னிற் சமைத்தான் என்பது இவற்றால் விளங்கும். ஆட்டக் காயைப் பார்த்து அணித்தொழில் கற்ற கை நம் நாட்டில் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது.

கழங்கு பொன்னானதோடு நின்றதா? பொன்னை நிறுக்கும் எடைக்கும் பெயராயிற்று. கழஞ்சு என்னும் பொன்னெடையின் பெயர் இக்கொட்டையின் பெயரோடு தொடர்புடையது என்பர் சொல்லாராய்ச்சி வல்லார். இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலையாள மொழியில் அக்கொட்டைக்கு இன்றும் கழஞ்சிக்குரு என்றே பெயர். பழைய வைத்திய முறைகளில் மருந்துச் சரக்கின் அளவும் கழஞ்சுக் கணக்கிலேயே வரும். தமிழகத்தில் ஏட்டிலும் கல்லிலும் மட்டும் எஞ்சிய சொல் இந்நாட்டில் நாட்டு மருந்துக் கடையில் உயிரோடு இருக்கிறது.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுகளை அறிந்தோர் இந்த எடைகளையும் அறிவர். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன், 1010-ஆம் ஆண்டில் நிறைவு செய்த அக்கோயிலுக்குத் தானும் தன் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த பொன்னையும் அணிகளையும் கல்லில் வெட்டுவித்தான். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் கல்லும், மணிகள் பதித்த அணிகளை நிறுக்கத் 'தக்ஷிணமேரு விடங்கன்' என்னும் கல்லும் பயன்பட்டன. ஒவ்வோர் அணியிலும் எத்தனை முத்து, எத்தனை மாணிக்கம், எத்தனை வயிரம் என்று எண்ணி, உள்ளிருக்கும் அரக்கையும் சேர்த்து எடை எத்தனை என்று கழஞ்சிலும் மஞ்சாடியிலும் குன்றியிலும் குறித்திருக்கிறார்கள். எடைச்சீட்டு எழுதுவோர் அக்கல்வெட்டைக் கண்டால் கைகூப்புவர். ஒரு குன்றி எடையும் கணக்கில் தவறவில்லை. அந்த மூன்று பெயர்களும் மூன்று கொட்டைகளின் பெயர்கள் என்பதையும், மூன்றும் குழந்தைகள் கையில் ஆட்டக் காய்களாக விளங்கியவை என்பதையும் இங்கே நினைவிற் கொள்க.

குன்றியும் மஞ்சாடியும்

இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இது பழைய வாய்ப்பாடு. குன்றிமணி ஒன்று ஏறத்தாழ 0.12 கிராம் எடை உடையது. அக்கணக்கில் கழஞ்சு ஏறக்குறைய 5 கிராம் ஆகும். 8 கிராம் உள்ள இன்றைய பவுன் ஒன்றைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறு தட்டில் அறுபத்தைந்துக்கு மேற்பட்ட குன்றிமணிகளை இட வேண்டியிருக்கும். கருநுனியும் செந்நிறமும் கொண்ட அச்சிறு விதை காய்ந்த பின் எளிதில் சுருங்காது, நிறம் மங்காது, ஒன்றுக்கொன்று எடையில் பெரிதும் வேறுபடாது. தட்டான் தராசுக்கு ஏற்ற கல்லை இயற்கையே செய்து கொடியில் தொங்கவிட்டது எனலாம்.

அரசு 1956-ஆம் ஆண்டில் நிறுத்தலளவைச் சட்டம் இயற்றி மெட்ரிக் முறையைக் கொண்டு வந்தது. அதன் பின் பட்டறையில் கிராமும் மில்லிகிராமும் குடியேறின, குன்றிமணி விடைபெற்றது. ஆனால் நம் வீட்டுப் பேச்சிலிருந்து அதனை எந்தச் சட்டத்தாலும் நீக்க இயலவில்லை. "குந்துமணித் தங்கம் கூட வீட்டில் இல்லை" என்று இன்றும் சொல்லுகிறோம். சொல்பவர்க்கு அஃது ஓர் எடையின் பெயர் என்பது நினைவில் இராது. ஆயினும் நாக்கு மறக்கவில்லை. மலைபோல் உயர்ந்தோரும் குன்றியளவு இழிசெயல் செய்தால் தாழ்ந்து போவர் என்று வள்ளுவர் மானம் அதிகாரத்தில் கூறியதும் இந்த அளவையைக் கொண்டே. புறத்தே சிவந்து மூக்கிற் கறுத்திருக்கும் அதன் தோற்றத்தைப் பொய்யொழுக்கத்தார்க்கு உவமையாக்கியவரும் அவரே.

விதையை எடைக்கல்லாக்கும் வழக்கம் உலகம் எங்கும் உண்டு. வயிரத்தை அளக்கும் காரட் என்னும் சொல் நடுநிலக்கடற் பகுதியில் விளையும் காரோப் மரத்தின் விதைக்குக் கிரேக்கர் இட்ட பெயரிலிருந்து வந்தது. 1907-ஆம் ஆண்டில்தான் அது 200 மில்லிகிராம் என்று வரையறுக்கப்பட்டது. மலாய் நாட்டார் மஞ்சாடியைச் 'சாகா' என்பர். அவர்களும் அதனால் பொன் நிறுத்தனர். இலங்கையில் சிங்கள மக்கள் குன்றிமணியை 'ஒலிந்த' என்பர். நம் பல்லாங்குழி போன்ற ஆட்டத்தைச் சித்திரைப் புத்தாண்டின்போது அவ்விதை கொண்டு ஆடுவர். ஆட்டத்துக்கே அவ்விதையின் பெயரால் 'ஒலிந்த கெளிய' என்று பெயர்.

இனி, எடைத் தொழிலை இழந்த குன்றியும் மஞ்சாடியும் எங்கே சென்றன? விநாயக சதுர்த்தியன்று களிமண் பிள்ளையார் வாங்கும்போது அவர் கண்களை உற்று நோக்குக. இரண்டு குன்றிமணிகள் நம்மைப் பார்க்கும். மண்ணுக்கு உயிர் தருவது அந்த இரண்டு விதைகளே. இந்நாட்டில் குருவாயூர்க் கோயிலில் உருளி நிறைய மஞ்சாடிக்குருவை இட்டு வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் இரு கையாலும் அள்ளி அள்ளி அதில் விடுவதே ஒரு வழிபாடு. விளையாட்டுக்கும் வழிபாட்டுக்கும் இடையே நம் முன்னோர் சுவர் எழுப்பவில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அணிகலத்திலும் இவற்றின் வடிவம் தங்கிற்று. உருண்டைப் பொன்மணி கோத்த மாலையைக் குண்டுமணி மாலை என்கிறோம். மாங்காய் மாலை, முல்லை அரும்பு, கோதுமைச் சங்கிலி என்று நம் பெண்மக்கள் சொல்லும் பெயர்களும், மலையாள நாட்டின் பாலைக்காய் மாலையும், காசுமாலையும் எவற்றைக் காட்டுகின்றன? கையில் இருந்த எளிய பொருளின் உருவத்தையே பொன் பின்பற்றியது. காசுமாலையில் நாணயமே மணியாயிற்று.

குழிப் பலகையும் சோழியும்

பல்லாங்குழியைப் பன்னாங்குழி என்றும் வழங்குவர். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து இட்டால் எழுபது காய். ஆறு இட்டால் எண்பத்து நான்கு. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர். குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்வார். எண்ணும் பிரிப்பும் கூட்டலும் கழித்தலும் கற்பலகை இல்லாமலே கற்பிக்கும் பள்ளி இது.

குழிப் பலகை ஆட்டத்துக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. பழைய திருவிதாங்கூரில் வழங்கிய சக்கரம் என்னும் வெள்ளிக் காசு மிகச் சிறியது. இருபத்தெட்டுச் சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். இவ்வளவு சிறிய காசை ஒன்றொன்றாக எண்ணினால் பொழுது போதாது. ஆகவே காசின் அளவுக்குக் குழி வெட்டிய சக்கரப் பலகையை வைத்திருந்தனர். ஒரு பிடி காசை அதன்மேல் கொட்டி அசைத்தால் குழிதோறும் ஒரு காசு படியும். மிகுந்ததை வழித்துவிட்டால் பலகைக் கணக்கே காசுக் கணக்கு. கருவூலக் கணக்கரின் பலகைக்கும் பாட்டியின் பலகைக்கும் உறவு சொல்ல யாம் துணியோம்; ஆயினும் ஒன்றை ஆடிப் பழகிய கைக்கு மற்றது அந்நியமாக இருந்திராது.

பலகறை என்னும் பழம்பெயர் பூண்ட சோழி, பெரும்பாலும் மாலத்தீவுக் கடலிலிருந்து வந்தது. 1343-ஆம் ஆண்டில் அத்தீவுகளுக்கு வந்து நீதிபதியாக இருந்த இபன் பதூதா, அங்கே சோழியே பணம் என்றும், அது வங்காளத்துக்கு ஏற்றுமதி ஆயிற்று என்றும் எழுதியுள்ளார். வங்காளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை எளியோர் கையில் சோழியே சில்லறைக் காசு. ஆகவே பல்லாங்குழியில் சோழியை இட்டு ஆடிய நம் பாட்டியர், ஒருகாலத்துக் கடல் வாணிபத்தின் நாணயத்தை வைத்தே ஆடினர் எனலாம். மலாய் மக்கள் இத்தகைய குழி ஆட்டத்தைச் 'சொங்காக்' என்பர். அம்மொழியில் அச்சொல்லுக்குச் சோழி என்றும் பொருள். கேரளத்துச் சோதிடர் நூற்றெட்டுக் கவடிகளைப் பலகையில் வைத்துப் பிரசினம் பார்ப்பர். கவடி என்பதும் சோழியே. மாட்டின் கழுத்துப் பட்டையிலும், கூத்தாடுவோர் அரைக்கச்சையிலும், பெண்கள் கழுத்திலும் அதனைக் கோத்து அணிந்தனர். காசு, காய், குறி, அணி என்னும் நான்கு தொழிலையும் ஒரு சிப்பி செய்தது.

மண்ணும் தந்தமும்

மதுரையை அடுத்த கீழடியில் 2014-ஆம் ஆண்டுக்குப் பின் தொடர்ந்து நடந்த அகழாய்வுகளில் நூற்றுக்கணக்கான சுடுமண் வட்டுகள் கிடைத்தன. இவை தனியே செய்த பொருள்கள் என்று எண்ணவேண்டா. உடைந்த பானையின் ஓட்டை எடுத்து விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் இவற்றுள் பல. நம் சிறுமியர் பாண்டி ஆடும் சில்லுக்கு முன்னோடிகள். உடைந்த பானையைக் குப்பையில் எறியாமல் ஆட்டக் காயாக்கினர் அம்மக்கள். தந்தத்திற் செய்த பகடையும், சூதுபவளம் முதலிய கல்மணிகளும், பொன்னணித் துண்டுகளும் அதே மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 2023 மார்ச் 5-ஆம் நாள் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்திற்கு விடுமுறையிற் செல்வோர், பொன்னைப் பார்த்த கண்ணால் அந்த ஓட்டுச் சில்லுகளையும் சற்று நின்று பார்க்க வேண்டுகிறோம்.

தந்தம் என்றதும் நாம் வாழும் திருவனந்தபுரத்தின் நினைவு வருதல் இயல்பு. இந்நகரின் தந்தச் சிற்பிகள் உலகப் புகழ் பெற்றவர்கள். 1860 வரை ஆண்ட உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா மகாராசா விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்த அரியணை 1851-ஆம் ஆண்டு இலண்டன் பெருங்காட்சியில் வைக்கப்பட்டது. யானைகளின் அழிவைத் தடுக்க வேண்டிக் காலம் மாறியது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1986, 1991 ஆம் ஆண்டுத் திருத்தங்களும் இந்தியாவில் தந்த வாணிபத்தை நிறுத்திவிட்டன. சிற்பிகளின் உளி சந்தனம், ஈட்டி, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. ஆகவே பரம்பரையாக வந்த தந்தப் பகடையோ சதுரங்கக் காயோ எவரிடமேனும் இருந்தால், அதனை அறுத்து அணியாக்கவோ விற்கவோ முயலுதல் கூடாது. அது சட்டத்திற்கு மாறாகும்.

பிற நாட்டு வழக்கம்

பழைய ஆட்டக் காயை அணியாக்கும் ஆர்வம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. சீன நாட்டின் மாஜோங் ஆட்டம் 1920-களில் அமெரிக்காவில் பெரும் மோகமாயிற்று. எலும்பும் மூங்கிலும் சேர்த்துச் செய்த காய்களும், பின்னர் பேக்கலைட் என்னும் செயற்கைப் பொருளாற் செய்த காய்களும் வீடுதோறும் புகுந்தன. ஆடுவோர் குறைந்தபின் அக்காய்களைத் துளையிட்டுக் கைவளையாகவும் பதக்கமாகவும் கோத்தனர். எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தின் மரவில்லைகளும், டாமினோக் காய்களும் அவ்வாறே கழுத்தில் ஏறின.

இன்னும் வியப்பான செய்தி கரீபியக் கடலில் உள்ளது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட மக்கள் தங்கள் குழிப் பலகை ஆட்டத்தை நினைவிற் சுமந்து சென்றனர். ஆண்டிகுவாத் தீவில் 'வாரி' என்னும் பெயரோடு அது இன்றும் ஆடப்படுகிறது. அவர்கள் ஆடும் காய் எது? நம் கழற்சிக் கொட்டையே! கடல் அலையில் மிதந்து கரை சேரவல்ல கொட்டை அது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'நிக்கர்' என்னும் பெயரும் கோலிக்குண்டைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் வழிப்பட்டது. ஊரை இழந்தோரும் ஆட்டத்தை இழக்கவில்லை. ஊரை விட்டு வந்த நாம் இதனை ஊன்றிக் கருதவேண்டும்.

நம் வீட்டுப் பெட்டியில்

நம்மவர் இந்நகருக்கு வந்த வழி பலவகை. சாலைக் கடைத்தெருவுக்கு வாணிபத்திற்காக வந்தோர் உளர். 1904-இல் செங்கோட்டை மலைவழியே கொல்லத்துக்கும், 1918-இல் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கும், 1931-இல் தம்பானூருக்கும், 1979-இல் நாகர்கோவில், கன்னியாகுமரி வரையும் இருப்புப்பாதை நீண்டபோது பணியோடு வந்தோர் உளர். நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரே அரசின் தலைநகருக்கு வந்து, 1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லைக் கோடு இடையில் விழுந்ததால், நகராமலே வேற்று மாநிலத்தார் ஆனோரும் உளர். எவ்வழி வந்தாராயினும் மரப்பெட்டியின் அடியில் ஒரு பல்லாங்குழியும் துணிமுடிப்பில் சோழியும் வந்தன.

அம்முடிப்புகள் இப்போது அவிழ்கின்றன. கல்லூரிப் பெண்கள் சோழியைத் துளைத்துக் காதணி செய்கிறார்கள். மஞ்சாடியைக் கோத்துக் கைவளை செய்கிறார்கள். பித்தளைத் தாயக்கட்டையில் வளையம் மாட்டிச் சாவிக் கொத்தாக்குகிறார்கள். அழகாகவே இருக்கின்றன. குடியிருப்பில் ஒரு வீட்டில் பேத்தி தன் கையாற் செய்த சோழி மாலையைப் பாட்டிக்குக் காட்டியபோது யாமும் உடன் இருந்தோம். கிழவியார் மாலையைக் கையில் வாங்கி, ஒவ்வொரு சோழியாக விரலால் தள்ளி எண்ணினார். முகத்தில் சினம் சிறிதும் இல்லை. "நல்லா இருக்கு மக்ளே. வெளையாட எத்தன மிச்சம் வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார். பெண் முடிப்பைக் கொட்டி எண்ணினாள். நாற்பத்தொன்று இருந்தன. குழிக்கு மூன்று கூட நிரம்பாது.

அந்தக் கேள்வியே இக்கட்டுரையின் கருத்து. காயை அணியாக்குவது குற்றமா? இல்லை என்றே நம் வரலாறு சொல்லுகிறது. கழங்கைப் பொன்னாக்கியவரும், குன்றியைப் பிள்ளையார் கண்ணாக்கியவரும், பானை ஓட்டைக் காயாக்கியவரும் நம் முன்னோரே. ஆனால் அவர்கள் ஒன்றைச் செய்தபோது மற்றொன்றை அழிக்கவில்லை. பொற்கழங்கு செய்தபின்னும் வேலியில் கழங்கு காய்த்தது. எல்லார் வீட்டுப் பெண்ணும் அதை எடுத்து ஆடினாள். நம் நிலை அத்தகையதன்று. பெட்டியில் இருக்கும் ஒரே தொகுதி குறைந்தால் ஆட்டம் நின்றுவிடும். ஆட்டம் நின்றால் 'பசு' என்னும் சொல்லும், 'தாயம்' என்னும் சொல்லும் நம் பிள்ளைகள் நாவிலிருந்து நீங்கும். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் கற்கும் அப்பிள்ளைகளுக்கு, புத்தகம் இல்லாமல் தமிழ் வரும் வாயில்கள் சிலவே. அவற்றுள் ஒன்று பாட்டியோடு ஆடும் ஆட்டம்.

தாயக்கட்டையின் இயல்பையும் எண்ணிப் பார்க்கலாம். கட்டையின் நான்கு பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி இருக்கும். ஒரு பக்கம் வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்றைச் சாவிக் கொத்தாக்கிவிட்டால் எஞ்சிய ஒற்றைக் கட்டை எத்தனை முறை உருட்டினாலும் பன்னிரண்டு போடாது. சோழியும் அத்தகையதே. அதன் முதுகு மேடாக இருப்பதால்தான் குப்புறவும் மல்லாந்தும் மாறி மாறி விழுகிறது. கோப்பதற்காக முதுகை உரசி எடுத்துவிட்டால், உருட்டித் தாயம் ஆட அது முன்போல் உதவாது.

ஆகவே கைத்திறன் உடைய நம் பெண்மக்களுக்குச் சில சொல்ல விழைகிறோம். முதலாவது, முடிப்பை அவிழ்த்ததும் எண்ணுக. எண்பத்து நான்கு காயும், தவறிப் போவனவற்றுக்கு ஈடாகச் சிலவும் தனியே எடுத்து வைத்தபின் எஞ்சியவற்றை அணியாக்குக. தொகுதி உடைந்து, துணை இழந்து நிற்கும் காய்களே அணிக்கு உரியவை.

இரண்டாவது, துளையிடாமலே அணி செய்யும் வழியும் உண்டு. நூலாலோ மெல்லிய கம்பியாலோ காயைச் சுற்றி வலை பின்னி அதற்குள் அடக்கினால், வேண்டும்போது காயை விடுவித்து ஆடலாம். கழுத்தில் இருந்தது குழியில் இறங்கும். ஆட்டம் முடிந்தபின் மீண்டும் கழுத்தில் ஏறும்.

மூன்றாவது, குன்றிமணியை ஒருபோதும் துளைக்காதீர்கள். அதனுள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. மேலோடு முழுமையாக இருக்கும்வரை நஞ்சு அடங்கியிருக்கும். துளைக்கும்போது எழும் தூளும், துளைத்த மணியைக் குழந்தை வாயிலிட்டு மெல்லுதலும் உயிருக்கு இடர் செய்யும். 2011-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள ஈடன் பூங்காவில் விற்ற குன்றிமணிக் கைவளைகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றை இக்காரணம் பற்றித் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ஆட்டத்துக்கும் குன்றிமணி வேண்டா, புளியங்கொட்டை போதும். நம் சிற்றூர்ப் பிள்ளைகள் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கித் தாயமே ஆடியதுண்டு. செலவில்லாத காய் அது. குழம்புக்குப் புளி கரைக்கும் வீட்டில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

நான்காவது, அணியைச் செய்து கொடுக்கும்போது அதன் பெயரையும் ஆட்டத்தையும் சேர்த்துக் கொடுங்கள். "இது சோழி, இதைக் குழியில் இட்டால் இப்படி ஆடுவார்கள்" என்று தோழிக்கு ஒரு சொல் சொல்லுங்கள். மலையாளத் தோழிகளுக்கு அது புதிதாகவும் இராது. மஞ்சாடியும் கழஞ்சியும் அவர்கள் மொழியிலும் வாழ்பவை. ஒரே மரத்தின் விதையை இரு மொழியும் பொறுக்கி எடுத்தன.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஆண்டு விழாவில் கோலப் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் இடையே, பந்தலின் ஓர் ஓரத்தில் பாய் விரித்து நான்கு பல்லாங்குழிகளை வைப்போம். முதியோர் ஒரு பக்கமும் சிறுவர் மறு பக்கமும் அமரட்டும். செலவு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வீடு பெட்டியைத் திறந்து எடுத்து வந்தால் போதும். காய் குறைவாக உள்ள இரண்டு வீட்டார் தம்மிடம் இருப்பதைச் சேர்த்தால் ஒரு தொகுதி நிறையும். அவ்வாறு சேர்ந்தபின்னும் மிகுவது எதுவோ அதனைப் பெண்மக்கள் விரும்பியவாறு கோத்து அணியட்டும்.